சான்டோரினியில் 60 நிமிடம்: கிரேக்கத் தீவுச் சுற்றுலா விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பா டூர் நடத்தும் நம்மூர் நிறுவனத்தாருக்கு,

2026 கோடைக்கான உங்கள் பிரசுரம் போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாம் பக்கம் சான்டோரினி. வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், யாரோ ஒருவர் வீட்டுக் கூரை விளிம்பில் சிவப்பு கவுன் காற்றில் பறக்க நிற்கும் ஒரு பெண். படத்துக்குக் கீழே, "6ஆம் நாள்: சான்டோரினி முழு அனுபவம். உலகப் புகழ் சூரிய அஸ்தமனம். இந்த ஆண்டு முதல் கழுதைச் சவாரி இலவசம்!" என்று போட்டிருக்கிறீர்கள்.

2024 ஆகஸ்டில் இந்த ஆறாம் நாளைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் மெயில் எழுதினேன். பதினோரு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "எல்லாமே ஐட்டினரிப்படிதான் நடந்திருக்கு மேடம்." சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். சொன்ன குறையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. எந்தக் கழுதையைப் பற்றி எழுதினேனோ அதையே இலவசமாக்கி விளம்பரம் செய்திருக்கிறீர்கள். இதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. பயந்துகொண்டு அல்ல. என் மேஜையில் இன்னும் மூன்று நிறுவனங்களின் பிரசுரங்கள் கிடக்கின்றன. மூன்றிலும் இதே கப்பல் பாதை, இதே அவசரம், அநேகமாக இதே படம். ஆகவே நான்கு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கணக்கு எழுதியவள். நாலணா ஒட்டாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். 2024 ஜூலை கடைசி வாரத்தில் நான், என் கணவர், 71 வயது அத்தை மூவரும் உங்கள் குழுவில் வந்தோம். ஆளுக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அத்தை தன் பங்குக்கு, மாமா போட்டுவைத்திருந்த டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே எடுத்துக் கொடுத்தார். ஏதென்ஸும் துருக்கியும் அவருக்குப் பொருட்டே இல்லை. பக்கத்து வீட்டுக் காலண்டரில் பார்த்த நாளிலிருந்து "அந்த வெள்ளை ஊரு, அந்த வெள்ளை ஊரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் பேரேடு எழுதிக் காட்டுகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலைப் பொழுது கிரீட் தீவில், ஹெராக்லியோன் நகரில் போயிற்று. சான்டோரினிக்கு முன்னால் கப்பல் வந்து நின்றபோது மாலை 4.30. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது. எரிமலை வெடித்து நிலம் உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது. முந்நூறு மீட்டர் உயரத்துக்குப் பாறை செங்குத்தாக நிற்கிறது, அதன் காலடியிலேயே ஆழ்கடல். சின்னப் படகுகளில்தான் ஆளை இறக்குகிறார்கள். எங்கள் ஸ்டிக்கர் நம்பரைக் கூப்பிட்டது 5.15. அத்தினியோஸ் துறையில் கால் வைத்தது 5.40. பஸ்ஸில் ஏற்றி, தலை எண்ணி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஈயா ஊர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது 6.30. "ஷார்ப்பா ஏழரைக்கு எல்லாரும் பஸ்ஸுல இருக்கணும்" என்றார் உங்கள் டூர் மேனேஜர் தம்பி. எட்டு மணிக்கு ஃபிரா, தீவின் தலைநகர். ஒன்பது மணிக்குக் கடைசிப் படகு.

ஆக, 'முழு அனுபவம்' என்று விற்ற தீவில் எங்கள் இஷ்டத்துக்கு நடக்கக் கிடைத்தது 60 நிமிடம். ஃபிராவின் ஒரு மணி நேரத்தை நான் வரவில் சேர்க்கவில்லை. அது எங்கே போயிற்று என்று சொல்கிறேன்.

முதலில் ஈயா. (நீங்கள் ஓயா என்று அச்சடிக்கிறீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படி வாசித்திருப்பீர்கள். ஊர்க்காரர்கள் சொல்வது ஈயா. ஆனாலும் அன்றைய கூட்டத்தைப் பார்த்தபோது ஓயா என்பதும் பொருத்தம்தான் என்று பட்டது.) ஊரின் பிரதான வீதி என்பது பளிங்குக் கல் பாவிய ஒரு சந்து. அஸ்தமனம் பார்க்க அத்தனை பேரும் பழைய கோட்டை முனையை நோக்கி ஒரே திசையில் நகர்கிறார்கள். தைப்பூசத்தன்று பழனி மலைப்படியில் இருக்குமே, அந்த நெருக்கம். அரோகரா சத்தம் மட்டும் இல்லை. இருபது நிமிடத்தில் நாங்கள் நகர்ந்தது ஏழெட்டுக் கடை தூரம்.

அந்த நீலக் குவிமாடப் படம் எடுக்கிற மூலைக்குத் தனி வரிசை. 25 நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், வாடகைக்கு எடுத்த கவுன். அதன் வாலைத் தூக்கிக் காற்றில் வீசிவிட்டு, படத்துக்குள் தான் விழாமல் குனிந்து ஓடுவதற்கென்றே ஒரு ஆள். பத்து முறை வீசினார், பத்து முறை ஓடினார். எங்கள் முறை வந்தபோது மூன்று படம் எடுப்பதற்குள் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்கள். "இது கோயிலா அம்மிணி?" என்று அத்தை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 44 பேருக்கு ஒரே ஆளாக அலைந்துகொண்டிருந்த உங்கள் தம்பியும் பக்கத்தில் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்: கோயில்தான். ஒன்று புனித ஸ்பிரிதோன் பெயரிலும், மற்றது ஏசுவின் உயிர்த்தெழுதலுக்குமாக அருகருகே இருக்கும் இரண்டு தேவாலயங்கள். கையெடுத்துக் கும்பிட்டிருப்பார் அந்தக் கிழவி. அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் அங்கே நடந்தது. மெயிலில் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். சுவரில் ஒரு பலகை இருந்தது: மரியாதை காட்டுங்கள், உங்களுக்கு இது விடுமுறை, எங்களுக்கு இது வீடு என்ற பொருளில். அதைத் தாண்டிப் பத்தடியில் நம் குழுவின் புதுமணத் தம்பதி ஒரு தாழ்வான சுவரைத் தாண்டிக் கூரை மேல் ஏறினார்கள். பிரசுரத்தில் இருக்கிற அதே கோணம் வேண்டுமாம். உள்ளேயிருந்து ஒரு வயதான பெண்மணி ஈரக் கையோடு வெளியே வந்து கத்தினார். என்ன சொன்னார் என்று புரியவில்லை, புரியவும் தேவையில்லை. நம் வீட்டு மொட்டை மாடியில் முன்பின் தெரியாதவர் ஏறி நின்றால் நாம் என்ன கத்துவோமோ அதுதான். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களைக் கூரைக்கு ஏற்றியது உங்கள் மூன்றாம் பக்கம்.

ஏழரைக்கு பஸ். ஜூலை கடைசியில் அங்கே சூரியன் மறைவது எட்டரை வாக்கில். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே அஸ்தமன ஊரிலிருந்து எங்களைக் கிளப்பிவிட்டீர்கள்.

ஃபிராவில், படகுத் துறைக்குக் கீழே இறங்கும் கேபிள் காருக்கான வரிசை சந்துக்குள் வளைந்து, நகைக்கடைகளைத் தாண்டிப் படிவரை நின்றது. ஒரு பெட்டிக்கு ஆறு பேர். 1979இலிருந்து ஓடுகிற அந்தக் கம்பிவடம் தன்னால் முடிந்ததைத்தான் செய்ய முடியும். அத்தைக்கு உட்கார இடமில்லை. முன்னால் நின்றவரின் தொப்பிக்கும் ஒரு சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் வானம் செம்மஞ்சளாகத் தெரிந்தது. "அதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். உலகப் புகழ் சூரிய அஸ்தமனம் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எட்டு இருபதுக்கு உங்கள் தம்பி வரிசையோரமாக வந்து, "கேபிள் கார் லேட்டாகும். கழுதை இருக்கு, படி இருக்கு. உங்க இஷ்டம், ஆனா ஒம்பது மணிக்குக் கடைசி போட்" என்றார். அத்தை கழுதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரும்புள்ளி செம்புள்ளி குத்தித்தான் அம்மிணி கழுதை மேல ஏத்துவாங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ஆகவே படி. கீழே பழைய துறைமுகம்வரை 588 படிகள். அகலமான, சரிவான, உருண்டைக் கல் பதித்த படிகள். பல வருடக் கால் தேய்ந்து வழவழப்பு ஏறியவை, அதன்மேல் சாணம், மூத்திரம். படிகளில் எண் எழுதியிருக்கிறார்கள்; பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்கினோம். பாதிகூட வந்திருக்க மாட்டோம், அத்தை மதில் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி நடுங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. அந்த நேரத்துக்கு வேலை முடிந்து விலங்குகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். மீசை நரைத்தவர். ஏதோ கேட்டார், ஏறிக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டி மறுத்தேன். அவர் ஒரு கணம் நின்று, தன் கையிலிருந்த கம்பை அத்தையிடம் நீட்டினார். காசு கேட்கவில்லை. மணிச்சத்தம் வளைவில் மறைந்தது. அத்தை அந்தக் கம்பை ஊன்றிக்கொண்டு, என் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது பத்துக்குக் கீழே வந்து சேர்ந்தார். படகில் காத்திருந்தவர்கள் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. கம்பைத் துறையின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏறினோம்.

கழுதைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில், அங்கே ஏற்றுபவற்றில் பெரும்பாலானவை கோவேறு கழுதைகள். 2018 அக்டோபரிலேயே கிரேக்க அரசு விதி போட்டுவிட்டது: 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 300 கிலோ எடையுள்ள விலங்கு சுமக்கலாம் என்பது 60 கிலோ. நம் குழுவில் அதற்குள் அடங்கியவர்கள் அத்தையும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும்தான். எடை மிஷின் வைத்துத்தான் இலவசம் கொடுக்கப் போகிறீர்களா? கம்பை நீட்டிய மனிதருடைய பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. வேண்டுமென்பவர் அங்கே போய்த் தன் எடைக்கும் மனசாட்சிக்கும் ஏற்ப முடிவு செய்துகொள்ளட்டும். அதை நீங்கள் மொத்தமாக வாங்கி, இலவசம் என்று 44 பேர் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

"கூட்டம் எங்க கையில இல்ல மேடம்" என்று உங்கள் கவுன்டரில் சொன்னார்கள். பாதி உண்மை. 2023இல் மட்டும் சுமார் 800 கப்பல்களில் 13 லட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 15,000. நாங்கள் போன அதே ஜூலையில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்து இறங்கப்போகிறார்கள் என்று, ஊர் மக்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி உள்ளூர் நிர்வாகி ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுத, எங்கள் ஊரில் நாங்கள் அடைந்து கிடப்பதா என்று பெரிய சத்தமே ஆயிற்று. அதன் பிறகுதான் கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரம்பு. 2025 ஜூலையிலிருந்து கோடையில் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம். இதெல்லாம் அவர்கள் தரப்பில் செய்தது. மே மாதமும் அக்டோபரும் இருக்க, ஜூலையைத் தேர்ந்தெடுத்தது யார்? தங்காத கப்பலைத் தேர்ந்தெடுத்தது யார்? அது உங்கள் கையில்தான் இருந்தது.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஈயாவிலிருந்து ஃபிரா போகிற பஸ்ஸில் பொட்டலம் கொடுத்தீர்கள். காய்ந்த சப்பாத்தி மூன்று, ஜீரகம் போட்ட உருளைக்கிழங்கு, ஊறுகாய்ப் பாக்கெட். வெளிநாட்டில் நம் சாப்பாடு என்று பிரசுரத்தில் தனிக் கட்டம் கட்டி அதற்குப் பெருமை வேறு. அந்தத் தீவின் சாப்பாடு என்ன தெரியுமா? பருப்பு. மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். ஃபாவா என்று பெயர். நம்மூரில் கேசரிப் பருப்பு என்று ஒன்று உண்டே, அதற்குப் பங்காளி முறை. அங்கே மண்ணில் விளையும் குட்டித் தக்காளியை மாவில் பிசைந்து பொரித்தால் அசல் பக்கோடா. வெள்ளைக் கத்தரிக்காய் இருக்கிறது. சைவக்காரர்களைப் பட்டினி போடாத ஊர் அது. அதே தீவில் பிர்கோஸ் என்ற ஊரில் அந்தப் பருப்பு வந்தபோது என் கணவர் பரிமாறிய பையனிடம், "ஒரு கரண்டி சாதம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

பிர்கோஸா, எப்போது என்று கேட்பீர்கள். ஆமாம், திரும்பப் போனோம். 2025 அக்டோபரில் மகளைப் பார்க்க முனிக் போனவர்கள், அங்கிருந்து ஏதென்ஸ் வந்து, பிரேயஸ் துறையில் சாதாரணக் கப்பல் ஏறி, எட்டு மணி நேரம் காற்று வாங்கிக்கொண்டு போய் மூன்று ராத்திரி தங்கினோம். அத்தை வரவில்லை. அந்தப் படியில் விட்ட முட்டி இன்னும் சரியாகவில்லை. "நான்தான் பாத்துட்டேனே" என்று சொல்லிவிட்டார்.

அவர் என்ன பார்க்கவில்லை என்பதை மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிராவிலிருந்து அரை மணி பஸ்ஸில் அக்ரோதிரி. 1967இல் மரினாதோஸ் என்ற அறிஞர் தோண்டத் தொடங்கிய ஊர். சுமார் 3,600 வருடங்களுக்கு முன் அந்த எரிமலை வெடித்தபோது சாம்பலுக்குள் அப்படியே மூடிப்போனது. பெரிய கூரைக்குக் கீழே நடைமேடையில் நடந்தபடி தெருவை எட்டிப்பார்க்கலாம். ஆள் உயரக் குதிர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கல் மாடிப்படி, நிலநடுக்கத்தில் ஒவ்வொரு கல்லும் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஆனாலும் படியாகவே நிற்கிறது. மேல்மாடியில் கழிப்பறை, அதிலிருந்து தெருச் சாக்கடைக்கு மண்குழாய். எலும்புக்கூடு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. முதலில் வந்த நடுக்கங்களிலேயே சுதாரித்துக்கொண்டு ஊரே வெளியேறிவிட்டது என்கிறார்கள். அந்த வீடுகளின் சுவரிலிருந்து எடுத்த ஓவியங்கள், அல்லிப்பூக்களுக்கு மேல் குருவிகள் பறப்பதும் இரண்டு சிறுவர்கள் குத்துச்சண்டை போடுவதும், ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2024இல் அந்த ஏதென்ஸில் உங்கள் குழு அரை நாளைச் செருப்புக் கடையில் கழித்தது.

திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நடந்தோம். கம்பம் பக்கம் நாம் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படரவிடுகிறோம். அங்கே அடிக்கிற காற்றுக்குப் பந்தல் தாங்காது. கொடியைத் தரையோடு வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கூடை மாதிரி முடைகிறார்கள். குலை கூடைக்குள் ஒளிந்து வளர்கிறது. ஆறில்லை, ஓடையில்லை. ராத்திரிப் பனி ஈரத்தைக் குடித்தே பிழைக்கிற கொடி. குளித்துக் கொட்டுகிற தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கப் பாட்டில்தான். பழைய வீடுகளில் மழைநீர்த் தொட்டி இன்னும் இருக்கிறது. பிர்கோஸ் மேட்டிலிருந்து மூன்று நாளும் அஸ்தமனம் பார்த்தோம். முதல் நாள் எங்களோடு நின்றவர்கள் ஒன்பது பேர், ஒரு நாய்.

தங்கிய வீட்டின் சொந்தக்காரம்மா ஃபிராவில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவர். கப்பல் வருகிற நாளில் பஸ் நிரம்பி நிற்காமல் போய்விடுமாம். வேலைக்குப் போக இரண்டு பஸ்ஸை விட்டுக் காத்திருப்பேன் என்றார். 1956 ஜூலை நிலநடுக்கத்தில் தீவில் 53 பேர் செத்தார்கள், ஈயா பாதிக்கு மேல் விழுந்தது. அவருடைய பாட்டி அன்றிலிருந்து சாகிறவரை வாசல் கதவைப் பூட்டித் தூங்கியதே இல்லையாம். 2025 பிப்ரவரியில் நாளெல்லாம் தரை ஆடியபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவரும் கப்பல் ஏறிவிட்டார். அப்படி 11,000 பேருக்கு மேல் தீவை விட்டுப் போனார்கள். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன, நெருக்கடி நிலை அறிவித்திருந்தார்கள்.

அதே பிப்ரவரியில் என் தோழி ஒருத்தி உங்களிடம் மே மாதப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, போகலாமா என்று போன் செய்தாள். "அதெல்லாம் டிவிக்காரங்க பில்டப் மேடம்" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். மே மாதத்துக்குள் அடங்கிவிட்டது, அவளும் போய் வந்தாள். அதனால் அந்தப் பதில் சரியாகிவிடாது.

இனி நான் கேட்பது.

பிரசுரத்தில் 'முழு அனுபவம்' என்பதை எடுத்துவிட்டு, கப்பல் நிற்கும் நேரம், கரையில் இறங்கும் நேரம், கடைசிப் படகின் நேரம் மூன்றையும் அச்சிடுங்கள். மாலை 4.30 என்று எழுதினால் ஆள் சேராது என்று பயந்தால், விற்கிற சரக்கில் கோளாறு என்று அர்த்தம். கழுதைச் சவாரி வரியை இப்போதே நீக்குங்கள், அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டாம். கூரை மேல் நிற்கும் பெண்ணின் படத்தையும் அதோடு எடுங்கள். ஈயாவில் இறக்கிவிடும் முன், அந்த நீலம் கோயில், அந்தச் சுவர் இன்னொருவர் வீடு என்று மைக்கில் இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், செலவு கிடையாது.

65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பதிவு செய்யும்போதே முட்டியைப் பற்றிக் கேளுங்கள். 588 படி என்பதைச் சொல்லுங்கள். அவர்களை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஃபிராவுக்குக் கொண்டுவந்து கேபிள் காரில் இறக்கிவிட ஒரு ஆளைக் கூடுதலாக அனுப்புங்கள். 44 பேருக்கு ஒருவர் என்பது அந்தத் தம்பிக்குச் செய்கிற அநியாயமும்தான்.

'போர்ட் டாக்ஸ்' என்று மொத்தமாக ஒரு தொகை போடாமல், சான்டோரினிக்கு அரசு வாங்கும் 20 யூரோ எவ்வளவு ரூபாய், அதற்கு மேல் உங்கள் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். தரை ஆடினால் பயணிகளுக்கு அந்த நாட்டு அரசு சொல்வதை அப்படியே அனுப்புங்கள், உங்கள் அபிப்பிராயத்தை அல்ல.

கப்பலில்லாத ஒரு திட்டத்தையும் போடுங்கள். மே, அக்டோபர் மாதங்களில், துருக்கியை விட்டுவிட்டு, ஏதென்ஸ் மூன்று ராத்திரி, சான்டோரினி மூன்று ராத்திரி, அக்ரோதிரி நுழைவுச்சீட்டோடு. எங்கள் செலவுக் கணக்கு முழுவதும் ரசீதோடு என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருகிறேன்; நீங்கள் வாங்குகிற இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தில் உங்களுக்கு நல்ல லாபமே நிற்கும்.

எனக்குப் பணம் திருப்பித் தர வேண்டாம். அத்தைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஐட்டினரி என்ற சொல் இல்லாமல், தமிழில், அன்றைக்கு நடந்தது தவறு என்று உங்கள் நிறுவனத்தில் பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டு. விலாசம் பதிவுப் படிவத்தில் இருக்கிறது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
2024 ஜூலைக் குழு, பஸ்ஸில் 17ஆம் இருக்கை